தாதுவை அடர்ப்பிப்பது எப்படி: எந்தக் கல்லுக்கு எந்த முறை

பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தின் முதல் பாடம் உலோகவியல். அதில் தாதுக்களை அடர்ப்பிக்க நான்கு முறைகள் வரும்: ஓடும் நீரில் கழுவுதல், நுரை மிதப்பு, காந்தப் பிரிப்பு, வேதிக்கழுவுதல். சல்பைடு என்றால் நுரை, அலுமினியத் தாதுவான பாக்சைட் என்றால் காஸ்டிக் சோடா, வெள்ளீயக்கல் என்றால் காந்தம் என்று ஒரு அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டுப் பெரும்பாலானவர்கள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அட்டவணையில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் கையில் ஒரு கல்லைக் கொடுத்து "இதிலிருந்து உலோகத் தாதுவை எப்படிப் பிரிப்பாய்?" என்று கேட்டால் அது உதவாது. பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் கல்லில் ஒரே தாது தனியாக வருவதில்லை. ஈயத்தின் சல்பைடும் துத்தநாகத்தின் சல்பைடும் ஒட்டியே கிடக்கும், பக்கத்தில் பைரைட் என்ற இரும்பு சல்பைடு இருக்கும், எல்லாவற்றையும் சுற்றிக் குவார்ட்ஸும் களிமண்ணும் இருக்கும். அந்த வேண்டாத பகுதிக்குத்தான் புத்தகத்தில் காங்கு என்று பெயர்.

அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "இது என்ன தாது?" என்பதோடு நிறுத்தாமல், "எனக்கு வேண்டிய துகளுக்கும் வேண்டாத துகளுக்கும் எந்தக் குணத்தில் வித்தியாசம் அதிகம்?" என்று கேளுங்கள். எடையிலா, காந்தத்திலா, மின்சாரம் கடத்துவதிலா, மேற்பரப்பிலா, வேதியியலிலா? இந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போவது நல்லது, ஏனென்றால் வரிசையில் கீழே போகப் போகச் செலவும் கழிவின் ஆபத்தும் பெரும்பாலும் கூடிக்கொண்டே போகும். தண்ணீரை வைத்தே பிரிக்க முடிகிற ஒன்றைச் சயனைடு வைத்துப் பிரிக்க வேண்டாம்.

எதற்காக இத்தனை பாடு என்று முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு சதவீதம் செம்பு இருக்கிற கல் 100 டன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். செம்பு மொத்தம் ஒரு டன்தான். அப்படியே உலையில் போட்டால் ஒரு டன் உலோகத்துக்காக 99 டன் வேறு சரக்கையும் சேர்த்து உருக்க வேண்டும், அத்தனையும் கசடாகும், எரிபொருள் செலவில் சுரங்கமே மூழ்கிவிடும். அதையே 25 சதவீதம் செம்பு உள்ள கான்சன்ட்ரேட்டாக, அதாவது அடர்ப்பித்த பொடியாக மாற்றி, வழியில் பத்தில் ஒரு பங்கு செம்பை இழந்தாலும் மீதி 0.9 டன் செம்பு 3.6 டன் பொடிக்குள் அடங்கிவிடுகிறது. உலைக்குப் போவது அந்த 3.6 டன் மட்டும்தான். மீதி 96.4 டன் கழிவு, அதாவது டெய்லிங்ஸ். இந்தக் கணக்கில் இரண்டு எண்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும்: கான்சன்ட்ரேட் எவ்வளவு சுத்தம், மொத்த உலோகத்தில் எவ்வளவு கைக்கு வந்தது. ஒன்றைக் கூட்டப் போனால் மற்றது குறையும். இன்னொன்று, கான்சன்ட்ரேட்டின் சுத்தத்துக்குத் தாதுவே ஒரு மேல் எல்லை போட்டிருக்கிறது. செம்புத் தாதுவான கால்கோபைரைட் நூறு சதவீதம் தூய்மையாக இருந்தாலும் அதில் செம்பு 34.6 சதவீதம்தான். ஆகவே 25 சதவீதம் என்று கேட்டதும் குறைவாகத் தோன்றினாலும் அந்தப் பொடியில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தாதுவே இருக்கிறது என்று அர்த்தம்.

அரைப்பதில்தான் பாதி வேலை

புத்தகங்கள் "தாது நன்கு பொடியாக்கப்படுகிறது" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிற இடம் இது. உண்மையில் ஆலையில் மின்சாரத்தை அதிகம் விழுங்குவது இந்த அரவைதான், முடிவைத் தீர்மானிப்பதும் பெரும்பாலும் இதுதான். ஒரு துகளில் பாதி தாது, பாதி குவார்ட்ஸ் என்று ஒட்டிக்கொண்டிருந்தால் எந்த இயந்திரமும் அதைச் சரியாகப் பிரிக்காது. அது கான்சன்ட்ரேட்டுக்குப் போனால் மாசு, கழிவுக்குப் போனால் நஷ்டம்.

முதலில் சரியான மாதிரி வேண்டும். உடைத்த கல்லைக் கூம்பாகக் குவித்து, மேலே தட்டி வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்ற இரண்டைத் தள்ளிவிடுங்கள். தேவையான அளவு வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். மேலே இருந்து ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு போய்ச் சோதித்தால் பருக்கைகளும் தூளும் தப்பான விகிதத்தில் வரும், அதற்குப் பிறகு செய்யும் எல்லாச் சோதனையும் வீண்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள். சல்லடையில் சலித்து, ஒவ்வொரு அளவிலும் ஒரு சிட்டிகையை எடுத்துப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். எந்த அளவில் பெரும்பாலான துகள்கள் தனித்தனி நிறமாக, ஒட்டு இல்லாமல் தெரிகின்றனவோ அங்கே நிறுத்துங்கள். நைசாக அரைத்தால் நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் நல்லதில்லை. 10 மைக்ரானுக்குக் கீழே (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) போய்விட்ட தூள் தண்ணீரில் சேறாக மிதந்துகொண்டே இருக்கும். எடை வித்தியாசம் அதற்கு வேலை செய்யாது, நுரைக்குமிழியிலும் சரியாக ஒட்டாது, மற்ற துகள்களின் மேல் பூசிக்கொண்டு அவற்றையும் கெடுக்கும். அதனால் சல்லடையில் தங்கிய பருக்கையை மட்டும் திரும்ப அரைக்க வேண்டும், இறங்கிவிட்டதைத் தொடக்கூடாது. இரும்புக் குண்டுகளால் அரைக்கும் 'பால் மில்' (ball mill) இயந்திரத்துக்குப் பக்கத்தில் எப்போதும் அளவுவாரியாகப் பிரிக்கும் கருவி ஒன்று நிற்பதன் காரணம் இதுதான்.

முதல் கேள்வி: எடை

சமையலறையில் அரிசி அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரோடு லேசாக ஆட்டி ஆட்டிச் சாய்க்கும்போது அரிசி போய்விடும், கல் அடியில் நிற்கும். புவியீர்ப்பு முறை முழுவதும் அதுதான். ஆனால் எப்போது அது பலிக்கும், எப்போது பலிக்காது என்று முன்கூட்டியே சொல்ல ஒரு எளிய கணக்கு இருக்கிறது. கனமான தாதுவின் ஒப்படர்த்தியிலிருந்து (அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற எண்) ஒன்றைக் கழியுங்கள், லேசானதின் ஒப்படர்த்தியிலிருந்தும் ஒன்றைக் கழியுங்கள், முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். கழிக்கும் அந்த ஒன்று தண்ணீருக்கானது. விடை 2.5க்கு மேல் இருந்தால் சுலபமாகப் பிரியும், சுமார் 75 மைக்ரான் வரை நைசான துகளையும் பிரிக்கலாம். 1.75 பக்கம் இருந்தால் கொஞ்சம் பருமனான துகள் வேண்டும், 150 மைக்ரானுக்குக் கீழே கஷ்டம். 1.25க்குக் கீழே போனால் தண்ணீரை மறந்துவிட்டு வேறு முறைக்குப் போக வேண்டியதுதான்.

போட்டுப் பார்ப்போம். குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65. தூய தங்கம் 19.3. கணக்குப்படி 11. அதனால்தான் ஒரு சட்டியும் ஆற்றுத் தண்ணீரும் மட்டும் வைத்துக்கொண்டு மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தங்கம் எடுத்தார்கள். நகைப் பட்டறைத் தெருக்களில் சாக்கடை மண்ணையும் குப்பையையும் அரித்துத் தங்கத் துகள் எடுப்பவர்கள் இன்றும் செய்வது இதே வேலைதான். எந்த ஆலைப் பொறியாளருக்கும் குறையாத கைத்திறன் அது. வெள்ளீயக்கல் 7, கணக்கு 3.6. ஈய சல்பைடான கலீனா 7.5, கணக்கு 3.9. இரும்புத் தாதுவான ஹேமடைட் 5.2, கணக்கு 2.5. இவையெல்லாம் தண்ணீருக்கு மசியும். கால்கோபைரைட் 4.2தான், கணக்கு 1.9. போதாக்குறைக்கு அது நைசாக அரைத்தால்தான் கல்லிலிருந்து விடுபடும். ஆகவே செம்புத் தாதுவுக்குத் தண்ணீர் போதாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது, அட்டவணையைப் பார்க்க வேண்டியதில்லை.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். வீடு கட்டக் கொட்டிய ஆற்று மணலில் ஒரு படி எடுத்து, கல்லையும் சருகையும் சலித்து எறியுங்கள். அகலமான, விளிம்பு சாய்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்று வேண்டும், வெளிர் நிறமாக இருந்தால் கருமணல் நன்றாகத் தெரியும். மணல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, கையால் நன்றாகப் பிசைந்து, கலங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். களிமண் போகும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். களிமண் இருந்தால் தண்ணீர் குழம்பாகி எதுவும் அடியில் இறங்காது. பிறகு தட்டைத் தண்ணீருக்குள் வைத்துப் பக்கவாட்டில் வேகமாக ஆட்டுங்கள், இந்த ஆட்டத்தில்தான் கனமான துகள் அடிக்குப் போகிறது. ஆட்டியதும் முன்பக்கம் சாய்த்து மேல் அடுக்கை மட்டும் தண்ணீரோடு மெதுவாக வழிய விடுங்கள். ஆட்டாமல் வெறுமே சாய்த்துக்கொண்டே இருந்தால் எல்லாமே கலந்து வெளியே போய்விடும். கடைசியில் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு தங்கும். அதில் பெரும்பாலும் இரும்புத் தாதுவான மாக்னடைட்டும் டைட்டானியத் தாதுவான இல்மனைட்டும் இருக்கும், சிவப்பாக மின்னினால் கார்னெட். அதைக் காயவைத்து எடுத்து வையுங்கள், அடுத்த சோதனைக்குத் தேவைப்படும்.

மணவாளக்குறிச்சி, சவரா போன்ற கடற்கரைகளின் கருமணலை மட்டும் இதற்காக அள்ளாதீர்கள். அதில் தோரியம் கொண்ட மோனசைட் இருக்கிறது, கதிரியக்கம் உள்ள பொருள். சட்டப்படி அனுமதி இல்லாமல் எடுக்கவும் கூடாது.

ஆலையில் இதே தத்துவம் வேறு வேறு உருவத்தில் வரும். தண்ணீரை மேலும் கீழும் துடிக்கவைத்துப் பருமனான துகளைப் பிரிப்பது ஜிக். வரிப்பள்ளங்கள் உள்ள மேசையைப் பக்கவாட்டில் உதறிக்கொண்டே தண்ணீரை ஓடவிடுவது ஆட்டு மேசை, அமெரிக்காவில் 1890களில் ஆர்தர் வில்ஃப்ளி கொண்டுவந்தது. சுருள்படி போலக் கீழே இறங்கும் வாய்க்காலில் மணல் குழம்பை ஓடவிட்டால் கனமானது உள்பக்கம் ஒதுங்கும், லேசானது வெளிப்பக்கம் வீசப்படும், அதற்கு ஸ்பைரல் என்று பெயர். ஓடுகிற பாகமே இல்லாத கருவி என்பதால் கடற்கரை மணலுக்கு உலகம் முழுக்க இதைத்தான் வைக்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி: காந்தம், அப்புறம் மின்சாரம்

காயவைத்த கருமணலைக் காகிதத்தில் பரப்பி, ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மேலே நகர்த்துங்கள். பை கட்டாயம், இல்லாவிட்டால் காந்தத்தில் ஒட்டிய தூளை ஆயுசுக்கும் எடுக்க முடியாது. பழைய ஸ்பீக்கர் காந்தத்துக்கே துள்ளி ஒட்டுவது மாக்னடைட். அதை முழுவதும் எடுத்துவிட்டு, நியோடிமியம் காந்தத்தை மிக அருகில் கொண்டுபோனால் மீதியிலிருந்து இல்மனைட்டும் கொஞ்சம் கார்னெட்டும் மெதுவாக எழும். இதிலிருந்து தெரிவது முக்கியமான விஷயம்: காந்தத்தன்மை உண்டா இல்லையா என்று இரண்டாகப் பிரிப்பது போதாது, எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வலுக்குறைந்த காந்தத்தை முதலில் காட்டி வலுவானதைப் பிறகு காட்டினால் ஒரே கலவையிலிருந்து மூன்று நான்கு பொருளை வரிசையாக எடுக்கலாம். வரிசையை மாற்றி வலுவானதை முதலில் காட்டினால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒட்டிவிடும்.

சேலத்துக் கஞ்சமலையில் கிடப்பது மாக்னடைட்டும் குவார்ட்ஸும் அடுக்கடுக்காகப் படிந்த பாறை. இரும்பு மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான், அப்படியே ஊதுலைக்குப் போட முடியாது. ஆனால் மாக்னடைட் என்பதால் அரைத்துத் தண்ணீரில் கலந்து காந்த உருளையில் விட்டாலே பிரியும். தூய மாக்னடைட்டில் 72.4 சதவீதம் இரும்பு. ஹேமடைட் அப்படி இல்லை, அதற்குக் காந்தத்தன்மை மிகக் குறைவு, மிக வலுவான புலம் வேண்டும். இல்லையென்றால் கட்டுப்படுத்திய சூட்டில் கரியோடு வறுத்து அதை மாக்னடைட்டாக மாற்றிவிட்டுப் பிரிக்க வேண்டும்.

புத்தகத்தில் வரும் வெள்ளீயக்கல் உதாரணமும் இப்போது தெளிவாகும். வெள்ளீயக்கல்லுக்கு ஒப்படர்த்தி 7, கூடவே வரும் டங்ஸ்டன் தாதுவான வுல்ஃப்ரமைட்டுக்கும் 7க்கு மேல். முதலில் தண்ணீரில் கழுவினால் குவார்ட்ஸ் போய்விடும், ஆனால் இந்த இரண்டும் சேர்ந்தே அடியில் நிற்கும். எடையில் வித்தியாசம் தீர்ந்துபோன இடத்தில் அடுத்த குணத்துக்குப் போகிறோம்: வுல்ஃப்ரமைட் காந்தத்துக்கு ஒட்டும், வெள்ளீயக்கல் ஒட்டாது. "வெள்ளீயக்கல்லுக்குக் காந்தப் பிரிப்பு" என்று மட்டும் படித்தால் முதல் படி கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

பல குணங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பயன்படுத்துவதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான உதாரணம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிதான். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூர்க் கடற்கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அந்தக் காலத்தில் காஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் வேண்டியிருந்தது. அதைத் தேடி வந்து இங்கே ஆலையும் போட்டார். பின்னால் 1950இல் தொடங்கிய இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தின் கீழ் இன்றைக்கும் அங்கே மணல் பிரிக்கிறார்கள். அந்த மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட், சிலிமனைட் என்று ஆறு தாதுக்கள். குவார்ட்ஸை நீக்க முதலில் தண்ணீரும் ஸ்பைரலும். அதற்குப் பிறகு எடை உதவாது, இல்மனைட் 4.7, சிர்க்கான் 4.6 பக்கம், கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்றுதான் வரும்.

ஆகவே மணலைக் காயவைத்துச் சூடாக்கி மின்சாரத்துக்குப் போகிறார்கள். பூமியோடு இணைத்த உலோக உருளை சுழன்றுகொண்டிருக்கும், மேலே பல்லாயிரம் வோல்ட் உயர்மின்னழுத்தக் கம்பி துகள்கள்மேல் மின்னூட்டத்தைத் தூவும். மின்சாரம் கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைலும் அந்த மின்னூட்டத்தை உடனே உருளைக்குக் கொடுத்துவிட்டு எகிறி முன்னால் விழும். கடத்தாத சிர்க்கான், மோனசைட், கார்னெட், சிலிமனைட் உருளையிலேயே ஒட்டிச் சுற்றிவந்து பின்பக்கம் பிரஷ்ஷால் தள்ளப்படும். இப்போது ஒவ்வொரு குவியலையும் காந்தத்துக்குக் காட்டினால் போதும். கடத்தும் குவியலில் இல்மனைட் ஒட்டும், ரூட்டைல் ஒட்டாது. கடத்தாத குவியலில் கார்னெட் ஒட்டும், இன்னும் வலுவான காந்தத்தில் மோனசைட் ஒட்டும், சிர்க்கானும் சிலிமனைட்டும் ஒட்டாது. கடைசி இரண்டில் சிலிமனைட் வெறும் 3.2 என்பதால் சிர்க்கானிலிருந்து எடையில் பிரியும், ஆனால் குவார்ட்ஸ் ஏதாவது மிச்சமிருந்தால் சிலிமனைட்டோடு ஒட்டிக்கொள்ளும் (கணக்கு 1.33), அதற்கு நுரை மிதப்பு. பள்ளிப் புத்தகம் இந்த மின்முறையைச் சொல்லாமல் விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம், நம் மாவட்டத்திலேயே நடக்கிற வேலை.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரே எச்சரிக்கை, துளி ஈரம் இருந்தாலும் மின்முறை பலிக்காது. ஈரப்படலம் எல்லாத் துகளையும் மின்சாரம் கடத்துவதாக மாற்றிவிடும்.

மூன்றாவது கேள்வி: மேற்பரப்பு

நுரை மிதப்பைப் புரிந்துகொள்ள எடையைப் பற்றி இதுவரை சொன்னதைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். 7.5 ஒப்படர்த்தி உள்ள கலீனா மேலே நுரையில் வரும், 2.65 உள்ள குவார்ட்ஸ் கீழே கிடக்கும். இங்கே முடிவு செய்வது துகளின் தோல் மட்டும்தான். தண்ணீர் நனைக்கும் துகள் தண்ணீரிலேயே தங்கும், தண்ணீரை விலக்கும் துகள் காற்றுக்குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறும்.

ஆகவே வேண்டிய துகளுக்கு மட்டும் தண்ணீரை விலக்கும் தோல் ஒன்றைப் போர்த்த வேண்டும். அதுதான் சேகரிப்பானின் வேலை. சோடியம் எத்தில் சாந்தேட்டின் ஒரு முனை சல்பைடின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ளும், மறுமுனையில் உள்ள எத்தில் தொகுதி தண்ணீரை வெறுக்கும். ஒரு டன் கல்லுக்குச் சில பத்து கிராம் போதும், ஒரு மூலக்கூறுப் படலம்தானே வேண்டும். குமிழி சீக்கிரம் உடையாமல் இருக்கப் பைன் எண்ணெய் போன்ற நுரையாக்கி. இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. சேர்க்கும் வரிசையும் நேரமும்தான் புத்தகத்தில் இல்லை: முதலில் சுண்ணாம்பு போட்டு காரத்தன்மையைச் சரிசெய்து, பிறகு அமுக்கி (வேண்டாத துகளை மிதக்கவிடாமல் தடுக்கும் மருந்து), பிறகு சேகரிப்பான், ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம் கலக்கவிட்டு, கடைசியில்தான் நுரையாக்கியும் காற்றும். சேகரிப்பான் முதலில் போய்விட்டால் அது துத்தநாகத்தின்மேலும் பைரைட்டின்மேலும் ஏறி உட்கார்ந்துவிடும், அதற்குப் பிறகு அமுக்கியால் அதை இறக்குவது சிரமம்.

ராஜஸ்தானில் பில்வாரா மாவட்டத்து ராம்பூரா அகூச்சா போன்ற ஈய-துத்தநாகச் சுரங்கத்தின் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கலீனா, ஸ்பாலரைட் (துத்தநாக சல்பைடு), பைரைட் மூன்றுமே சல்பைடு, மூன்றுமே சாந்தேட்டுக்கு மிதக்கக்கூடியவை. இப்படிப்பட்ட கல்லுக்கு உலகெங்கும் வழக்கமாகச் செய்வது இதுதான்: சோடியம் சயனைடும் துத்தநாக சல்பேட்டும் சேர்த்து ஸ்பாலரைட்டையும் பைரைட்டையும் அமுக்கிவிட்டு ஈயத்தை முதலில் மிதக்கவிடுவது. ஈயம் வழித்து எடுக்கப்பட்டதும் தாமிர சல்பேட் சேர்க்கிறார்கள். தாமிர அயனிகள் ஸ்பாலரைட்டின் மேற்பரப்பில் துத்தநாகத்தின் இடத்தைப் பிடித்து மெல்லிய தாமிர சல்பைடுத் தோலை உருவாக்கும், சாந்தேட் அதை இறுகப் பற்றும், துத்தநாகம் எழுந்து வரும். சுண்ணாம்பால் காரத்தன்மையை மேலும் ஏற்றினால் பைரைட் கீழேயே கிடக்கும். ஒரே தொட்டிக் குழம்பிலிருந்து ஒன்றை முதலில், இன்னொன்றைப் பிறகு என்று நம் இஷ்டப்படி வரவழைக்கிற முறை வேறு எதிலும் இல்லை, அடர்ப்பித்தலிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இதன் வரலாற்றில் ஒரு கதை அடிக்கடி சொல்லப்படும். அமெரிக்காவில் கேரி எவர்சன் என்ற பள்ளி ஆசிரியை, தாதுப் பை துவைக்கும்போது நுரையில் தாது மிதப்பதைக் கண்டு இதைக் கண்டுபிடித்தார் என்று. அவர் ஆசிரியை இல்லை, பை துவைத்ததும் கட்டுக்கதை. எண்ணெயும் அமிலமும் கொண்டு தாதுவைப் பிரிப்பதற்கு 1886இல் அவர் காப்புரிமை பெற்றது உண்மை. அந்தக் கட்டுக்கதை, முறையாகச் சோதித்துப் பார்த்த ஒரு பெண்ணின் உழைப்பைத் தற்செயலாக மாற்றிவிடுகிறது, அதனால் அதைப் பரப்பாதீர்கள். பெரிய அளவில் இந்த முறை நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில். புவியீர்ப்பு முறையில் ஈயத்தை எடுத்துவிட்டு மலையாகக் கொட்டி வைத்திருந்த கழிவில் துத்தநாகம் அப்படியே கிடந்தது, ஏனென்றால் ஸ்பாலரைட்டும் அங்கிருந்த காங்குத் தாதுக்களும் எடையில் நெருக்கமானவை. அந்தக் கழிவு மலையைத் திரும்ப எடுத்து நுரையில் விட்டுத்தான் துத்தநாகம் எடுத்தார்கள். சாந்தேட் வந்தது அதற்கும் பிறகு, 1925இல்.

வீட்டில் செய்து பார்க்கச் சயனைடும் வேண்டாம், கலீனாவும் வேண்டாம், ஈயத்தூள் விஷம். பூட்டுக்குப் போடும் கிராஃபைட் பொடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதில் அரை ஸ்பூன், நைசாகச் சலித்த மணல் இரண்டு ஸ்பூன், மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு நிமிடம் குலுக்குங்கள், இதுதான் சேகரிப்பான். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தை ஊசி முனையில் தொட்டு எடுத்த அளவு மட்டும் சேர்த்து, பாட்டிலில் காற்று இருக்கும்படி பலமாகக் குலுக்கி நிற்கவையுங்கள். கறுப்பு நுரை மேலே நிற்கும், மணல் வெளுத்து அடியில் படியும். சோப்பு அதிகமானால் கிராஃபைட்டும் நனைந்து கீழே இறங்கிவிடும், அதையும் ஒரு பாட்டிலில் வேண்டுமென்றே செய்து பாருங்கள், மருந்து அதிகமானால் என்ன ஆகும் என்று அப்போதுதான் மனதில் பதியும். சிவகங்கையில் கிடைக்கும் கிராஃபைட்டைத் தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமினின் ஆலையில் பிரிப்பதும் நுரை மிதப்பில்தான்.

தாதுவை மழையிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் குவித்து வைத்தால் சல்பைடின் மேல்தோல் ஆக்சிஜனேற்றமாகி மிதக்க மறுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மாலகைட் போன்ற கார்பனேட் தாதுக்களும் அப்படியே மிதக்காது, முதலில் சோடியம் சல்பைடு கொடுத்து மேல்தோலைச் சல்பைடாக மாற்ற வேண்டும்.

கடைசியாக: கரைத்துப் பிரித்தல்

எடை, காந்தம், மின்சாரம், மேற்பரப்பு எதிலும் வித்தியாசம் பிடிபடவில்லை, அல்லது தாது அவ்வளவு நுண்ணியதாகக் கலந்திருக்கிறது என்றால்தான் இங்கே வர வேண்டும். பாக்சைட் அப்படித்தான். அலுமினிய ஹைட்ராக்சைடும் இரும்பு ஆக்சைடும் களிமண்ணும் எந்த லென்ஸிலும் பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு நுணுக்கமாகப் பின்னியிருக்கும். எவ்வளவு அரைத்தாலும் விடுபடாது. எனவே பையர் என்ற வேதியியலாளர் 1880களின் கடைசியில் காட்டிய வழி: சூடான, அழுத்தத்தில் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அலுமினா மட்டும் கரையும், இரும்பு ஆக்சைடு கரையாது. வடிகட்டி, ஆறவைத்து, விதைப் படிகம் தூவினால் அலுமினியம் ஹைட்ராக்சைடு வீழ்படியும், சோடா திரும்பக் கிடைக்கும். ஏற்காடு, கொல்லிமலைப் பாக்சைட்டை வைத்து மேட்டூரில் நடந்த அலுமினியத் தொழிலும் இதே வழிதான். பாக்சைட்டில் சிலிக்கா அதிகம் இருந்தால் அது சோடாவைத் தின்றுவிடும், ஆகவே இந்த முறைக்கு முன் பார்க்க வேண்டிய முதல் எண் அலுமினா சதவீதம் இல்லை, வினைபுரியும் சிலிக்காவின் சதவீதம்.

தங்கத்துக்குச் சயனைடு 1887இல் கிளாஸ்கோவில் மெக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கொண்டுவந்தது. கண்ணுக்குத் தெரியாத தங்கத்தையும் காற்றிலுள்ள ஆக்சிஜன் துணையோடு கரைத்துவிடும், பிறகு துத்தநாகத்தூள் அதை வீழ்படியவைக்கும். கரைசலை எப்போதும் நல்ல காரத்தன்மையில் வைத்திருப்பது உயிர்ப் பிரச்சினை, அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். இதை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே யாரும் முயலக் கூடாது. வட ஆற்காட்டுப் பக்கமிருந்து போன எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் உழைத்த கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001இல் மூடப்பட்டுவிட்டது, ஆனால் அரைத்துச் சயனைடில் கழுவிய மண் மேடுகள் இன்னும் ஊர் நடுவே நிற்கின்றன, காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வருகிறது. 2010 அக்டோபரில் ஹங்கேரியின் அய்காவில் பாக்சைட் ஆலையின் செஞ்சேற்று (அலுமினாவைக் கரைத்தெடுத்த பின் மிஞ்சும் சிவப்புக் கழிவு) அணை உடைந்து 10 பேர் இறந்தார்கள். 2019 ஜனவரியில் பிரேசிலின் புருமாடின்யோவில் இரும்புத் தாதுக் கழிவு அணை உடைந்து சுமார் 270 பேர் இறந்தார்கள், அங்கே கரைக்கும் வேலைகூட இல்லை, தண்ணீரும் கல்தூளும்தான். முறையைத் தேர்ந்தெடுக்கிற அன்றைக்கே, நூறு டன்னில் மிஞ்சப் போகும் அந்தத் தொண்ணூற்றாறு டன் எங்கே, எவ்வளவு ஈரத்தோடு நிற்கும் என்பதையும் திட்டத்தில் எழுதிவிட வேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட இடங்களில் விலை கொடுத்தவர்கள் தொழிலாளர்களும் கீழே குடியிருந்தவர்களும்தான்.

சரியாகப் பிரிந்ததா என்று எப்படித் தெரியும்?

கான்சன்ட்ரேட் பளபளப்பாக இருப்பதைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். மூன்று எண் வேண்டும்: உள்ளே போன கல்லில் எத்தனை சதவீதம் உலோகம், கான்சன்ட்ரேட்டில் எத்தனை, கழிவில் எத்தனை. எதையும் எடை போடாமல் இந்த மூன்றை வைத்தே கணக்குப் போடலாம். கல்லின் சதவீதத்திலிருந்து கழிவின் சதவீதத்தைக் கழித்து, அதைக் கான்சன்ட்ரேட்டின் சதவீதத்தால் பெருக்குங்கள். இன்னொரு பக்கம் கான்சன்ட்ரேட்டிலிருந்து கழிவைக் கழித்து, அதைக் கல்லின் சதவீதத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் உலோகத்தில் எவ்வளவு பங்கு கைக்கு வந்தது என்று தெரியும். நம் செம்பில் 1, 25, 0.104 என்று போட்டால் 0.9, அதாவது 90 சதவீதம்.

கைக்கு வந்தது குறைவு என்றால் உடனே மருந்தைக் கூட்டவோ காந்தத்தை மாற்றவோ போக வேண்டாம். கழிவைக் காயவைத்துச் சல்லடையில் மூன்று நான்கு அளவாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக உலோகத்தைச் சோதியுங்கள். பருமனான பங்கில் உலோகம் தங்கியிருந்தால் கல்லிலிருந்து இன்னும் விடுபடவில்லை, கூட அரைக்க வேண்டும். மிக நைசான பங்கில் போயிருந்தால் ஏற்கெனவே அதிகமாக அரைத்துவிட்டோம், அரவையைக் குறைத்து சேறை முன்கூட்டியே கழுவி எடுக்க வேண்டும். நடுவளவிலேயே போகிறது என்றால் மட்டும்தான் முறையிலோ மருந்திலோ கோளாறு, அப்போது மேலே சொன்ன கேள்விகளுக்குத் திரும்பி வாருங்கள்.